கொசுறுக் காத்து

வா அம்மிணி, உள்ள வா. செருப்ப அங்கயே உட்டுட்டு வா. கதவச் சாத்திரு. அப்பிடியில்ல, நல்லா அமுக்கிச் சாத்து. கீழ பழைய துணி கெடக்குது பாரு, அதக் காலால சந்துல தள்ளி உடு. ஆங், அவ்வளவுதான். காத்து வீணாப் போயிரும், அதுக்குத்தான்.

திருமூர்த்தி சார் போன் பண்ணிச் சொன்னாரு. ஒரு அம்மிணி வரும், அவங்கப்பாவுக்கு எளப்பு, மிஷின் வாங்கறதா வேண்டாமான்னு ரோசனையில இருக்குது, நீங்க கொஞ்சம் பேசுங்கம்மா, நான் பேசறத விட நீங்க பேசுனா நம்புவாங்கன்னாரு. அதுவுஞ் சரிதான். விக்கறவன் பேச்ச நம்பவே கூடாது. நானெல்லாம் நம்பவே மாட்டேன். நீயும் கேட்டு விசாரிச்சுட்டு வாங்கலாம்னு வந்திருக்கற பாரு, அதுதான் பொழைக்கற பொண்ணுக்கு அழகு.

அந்தச் சேர்ல உக்காராத. சேர் கால்ல மாட்டற ரப்பர் குப்பி வெடிச்சுப் போச்சு, வழுக்கிச்சுன்னா மண்ட ஒடையும். இந்தக் கட்டல்ல உக்காரு.

நல்ல நேரத்துலதான் வந்திருக்கற. எங்கூட்டுக்காரரு தூங்கறாரு. அதா, உள் ரூம்ல. வெடியால நாம் போயி மொகம் தொடச்சு உட்டு, ரெண்டு வாய் காப்பி ஊத்திக் குடுத்துட்டு, மிஷினப் போட்டுட்டு வெளிய வந்தேன். அதுக்கப்பறம் ஒரு சத்தமில்ல. கேட்டுப் பாரு. ஏதாவது கேக்குதா? மிஷின் சத்தம் மட்டுந்தான, ஙொய்னு. முன்னெல்லாம் அவரு இருமுனா இந்த லைன்ல கடைசி ஊடு வரைக்கும் கேக்கும். பக்கத்தூட்டுச் செல்லாத்தா கொழந்தையத் தூங்க வெக்க முடியலைன்னு சண்டைக்கே வந்தா. இப்ப வந்து கேக்கச் சொல்லு அவள!

என்ன, மூக்கச் சுளிக்கற? வாசமா? ஆமா, மொதல்ல வர்றவங்களுக்கு அடிக்கும். மின்னல் அடிச்ச பொறவு வர்ற மாதிரின்னு சொல்லுவாங்க, சில பேரு பிளீச்சிங் பவுடர் வாசம்பாங்க. எனக்கு ஒண்ணும் தெரியறதில்ல. ஒடம்புல இருக்கற அழுக்கெல்லாம் போயிருச்சுன்னா வாசமே தெரியாதுன்னு சார் சொன்னாரு. நெசந்தான். எனக்கு இப்ப எந்த வாசமும் தெரியறதில்ல. அன்னைக்கு அடுப்புல பாலு கருகி, செல்லாத்தா வந்து சொல்லித்தான் எனக்கே தெரியும். அவ்வளவு சுத்தமாயிருச்சு ஒடம்பு.

சொல்றேன், மொதல்ல இருந்தே சொல்றேன். கேட்டுக்க.

அவரு பேரு நாச்சிமுத்து. புருசம் பேரச் சொல்லக் கூடாதும்பாங்க, நாஞ் சொல்லுவேன். ஆஸ்பத்திரியில பேரு கேட்டா பின்ன எவன் பேரச் சொல்றது? மில்லுல வேல. பஞ்ச ஒடைக்கற எடம். பொழுதோட ஊட்டுக்கு வந்தாருன்னா மீசையில, புருவத்துலயெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். எம்புள்ள சின்னதுல அப்பாவுக்குத் தல நரச்சிருச்சுன்னு அழுவா. போதாக்கொறைக்கு பீடி. மில்லு சாத்துன பொறவு பேக்கரியில சரக்கெடுத்து, டிவிஎஸ் வண்டியில வர்க்கி, பன்னு, ரொட்டியெல்லாம் போட்டுட்டு சாமளாபுரத்துல இருந்து காரணம்பேட்ட வரைக்கும் ஊரூராப் போவாரு. வண்டியில பெரிய ஹாரன் ஒண்ணு. பித்தளக் கொழலு, பொடனியில கறுப்பா ரப்பர் உருண்ட. அமுக்குனா பாம் பாம்னு கேக்கும். அந்தச் சத்தத்தக் கேட்டா ஊர்ல இருக்கற கொழந்தையெல்லாம் ஓடி வரும். அவரும் சும்மாச் சும்மா அமுக்குவாரு. வண்டி ஊட்டு வாசல்ல வந்து நின்னதும் எனக்கொருக்கா அமுக்குவாரு. வெக்கமா இருக்கும். இருந்தாலும் அமுக்கலைன்னா கோவம் வரும்.

அப்பறம் மூச்சு உட முடியாமப் போச்சு. வண்டி ஓட்டறதும் நின்னு போச்சு. நாலடி வெச்சா நாய் மாதிரி எளைக்கும். என்னையக் கூப்பிடக் கூடக் கொரலு வராது. நாந்தான் ரோசன பண்ணி அந்த ஹாரனக் கழட்டிக் கட்டல்ல அவரு கைக்கு எட்டறாப்புல கட்டி உட்டேன். ஒருக்கா அமுக்குனா தண்ணி. ரெண்டுக்கா அமுக்குனா ஒண்ணுக்கு. உடாம அமுக்குனா நான் எந்த வேலையில இருந்தாலும் போட்டுட்டு ஓடி வரோணும். நானும் ஓடுவேன். எண்ணச் சட்டியில வடை வெந்துட்டு இருந்தாலும் ஓடுவேன். இன்னைக்கு வரைக்கும் அவரு அமுக்கி நாம் போவாம இருந்ததில்ல. அத மட்டும் நீ எழுதி வெச்சுக்க.

பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். ஒரு டாக்டரு, சின்ன வயசு. படமெல்லாம் எடுத்துப் பாத்துட்டு என்ன சொன்னாருன்னு நெனைக்கற? "நெஞ்சு ரொம்பக் கெட்டுப் போச்சுங்கம்மா, முழுசாக் குணமாக்க முடியாது. ஆனா இப்பிடியே கட்டுப்பாட்டுல வெச்சுக்கலாம். இந்த மருந்துப் பம்ப்ப வாயில வெச்சு வேளா வேளைக்கு இழுக்கச் சொல்லுங்க. பொகை, தூசி, நெடி எதுவும் ஆகாது. காத்தோட்டமான எடத்துல படுக்க வையுங்க" அப்பிடீன்னாரு. எனக்கு வந்துச்சு பாரு கோவம். குணமாவாதுன்னு சொல்றதுக்கு எதுக்குச் சாமி டாக்டரு? அத நானே சொல்லிருவனே!

நானு யாருகிட்டயும் ஏமாற மாட்டேன் அம்மிணி. இந்த லைன்ல கேட்டுப் பாரு, தெய்வாத்தாள ஒருத்தன் ஏமாத்துனான்னு ஒருத்தர் சொல்லட்டும். பூக்காரி மொழம் போடறப்ப கை முட்டிய மடக்குவா, நான் அவ கையப் புடிச்சு நீட்டி உட்டு மறுக்கா அளக்கச் சொல்லுவேன். பால்காரன் என்னையப் பாத்தா தூக்கு மூடியத் தொறந்து காட்டிட்டுத்தான் ஊத்துவான். தக்காளிக்காரன் தராசுக்குக் கீழ விரலக் குடுக்கறத எத்தன பேரு பாத்திருக்கறீங்க? நாம் பாத்திருக்கறேன். வாங்கி முடிச்சுட்டுக் கொசுறு ஒண்ணு வாங்காம எடத்த உட்டு நகர மாட்டேன்.

திருமூர்த்தி சார்கிட்டயும் அப்பிடித்தான் எங்கூட்டுக்காரரக் கூட்டிட்டுப் போனேன். எப்பிடியும் இவன் ஏமாத்துவான், எங்க ஏமாத்தறான்னு கண்டுபுடிக்கோணும்னுதான் போனேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல மாடி. வெள்ளச் சட்ட, நெத்தியில விபூதி, நல்லா மரியாதையாப் பேசுனாரு. டாக்டருங்களான்னு நேராவே கேட்டேன். "அலோபதி டாக்டர் இல்லீங்கம்மா, நான் இயற்கை"ன்னாரு. பொய் சொல்லல பாரு. டாக்டருன்னு சொல்லியிருந்தா அப்பவே எந்திரிச்சு வந்திருப்பேன்.

அப்பறம் அவரு சொன்னாரு: "ஆஸ்பத்திரியில வெக்கறாங்களே ஆக்சிஜன், அதுல ரெண்டுதானுங்கம்மா இருக்குது. நம்ம மிஷின்ல வர்ற ஓசோன்ல மூணு. அதே ஆக்சிஜன்தான், ஒண்ணு எச்சு." நான் மறுக்காக் கேட்டேன், அதே சரக்குதானா, வேற எதுவும் கலப்பில்லியேன்னு. "சுத்தமா அதேதானுங்கம்மா, ரெண்டுக்கு மூணு"ன்னாரு. எனக்குப் பளிச்சுனு புரிஞ்சு போச்சு. ஒண்ணு கொசுறு! பெரியாஸ்பத்திரியில ரெண்டக் குடுத்துட்டு ஒண்ண அமுக்கிக்கறானுங்க. அதான் குணமாவ மாட்டீங்குது. இதக் கண்டுபுடிக்கப் படிப்பு வேணுமா? சொல்லு.

எங்கூட்டுக்காரருதான் வெளிய வந்து, படிக்கட்டுல நாலு தடவ நின்னு நின்னு, "வேண்டாம் தெய்வா"ன்னாரு. அவருக்கு எப்பவுமே அப்பிடித்தான், நல்லது எதையும் ஒடனே ஒத்துக்க மாட்டாரு. கலியாணத்துக்கே மூணு மாசம் ரோசன பண்ணுன மனுசன்.

மொதல்ல அங்கயே கூட்டிட்டுப் போயிட்டு இருந்தேன். மிஷின் குழாய எண்ணையில உட்டு, எண்ணையில இருந்து வர்ற ஆவிய இழுக்க உடுவாங்க. இழுத்தா இருமுவாரு பாரு, கண்ணு ரெண்டும் வெளிய வந்துரும். நானே பயந்துட்டேன். சார் சிரிச்சாரு. "இருமட்டுங்கம்மா, மில்லுப் பஞ்செல்லாம் வெளிய வருது"ன்னாரு. முப்பது வருசப் பஞ்சு அம்மிணி, சும்மா வருமா? ஆனா மாடியேற முடியல. அதான் மிஷினையே ஊட்டுக்கு வாங்கிட்டேன். தோடு ரெண்டும் போச்சு, போவட்டும். காது மூளியா இருந்தா என்ன, நெத்தி மூளியாவாம இருந்தாப் போதும்.

கண்ணு எரியுதா? தொடைக்காத, தொடைக்காத. வரட்டும். கெட்டது வெளிய போவுது. உனக்கும் ஒடம்புல நெறைய இருக்குதாட்ட இருக்குது, பாவம். டவுன்ல இருக்கறவங்களுக்கு எச்சாத்தான் இருக்கும்.

மிஷின் சின்னதுதான், ஒரு அரிசிச் சம்படம் அளவு. உள்ள நீலமா லைட்டு எரியும், பாக்கறதுக்கே குளுகுளுன்னு இருக்கும். ரூமச் சாத்தோணும், ஜன்னலச் சாத்தோணும், சந்தெல்லாம் அடைக்கோணும். நானு டேப்பு ஒட்டிட்டேன். ஒரு இழு காத்தக் கூட வீணாக்கறதில்ல. போட்ட மறுநாளே கொசு போச்சு. எறும்பு போச்சு. சாமி படத்துக்குப் பின்னால குடியிருந்த பல்லி ரெண்டும் தரையில செத்துக் கெடந்துச்சு. அப்பிடின்னா எத்தன சுத்தமான காத்துன்னு பாத்துக்க.

அந்தப் பம்ப்பா? அதக் கேக்கறயா? அதையும் இதையும் சேத்தக் கூடாதுன்னு சார் சொல்லிட்டாரு. அது மருந்து, இது இயற்கை, ரெண்டும் உள்ள போயிச் சண்ட போட்டுக்குமாம். எடுத்து அலமாரியில வெச்சுப் பூட்டிட்டேன். மொதல்ல அலமாரியக் காட்டிக் காட்டிக் கேட்டுட்டுத்தான் இருந்தாரு, சின்னப் புள்ள பெப்பர்மிண்ட்டு கேக்கற மாதிரி. பீடிக்கும் அப்பிடித்தான் கேட்டாரு. பழக்கம். ஒரு வாரத்துல மறந்துட்டாரு.

என்ன சத்தம்? புஸ்ஸுனு ஒண்ணு கேட்டுச்சல்ல? குக்கரு. எங்கூட்டுக் குக்கர்ல விசிலே வர்றதில்ல, சுத்தியும் புஸ்ஸுனு ஆவி போவுது. அதத்தாஞ் சொல்ல வந்தேன். எனக்கிருக்கற ஒரே மனக்கொற இதுதான் அம்மிணி. இப்பெல்லாம் ரப்பரே சரியில்ல. எல்லாம் டூப்ளிகேட். குக்கர் வளையம் வாங்கி மாட்டுனா பத்து நாள்ல வெடிச்சுக் கோடு கோடா நிக்குது. தலைக்குப் போடற ரப்பர் பேண்டு ரெண்டாந் தடவ சுத்தறப்ப அறுந்து போவுது. அவரு டவுசர் எலாஸ்டிக்கு, செருப்பு வாரு, காஸ் அடுப்பு டியூப்பு, மிஷினுக்கு வந்த குழாய்ல இருந்து எல்லாமே. நேத்து வாங்குனது இன்னைக்குப் பாம்புச் சட்டை மாதிரி வெடிக்குது. முன்னக் காலத்துல ரப்பர்னா இழுத்தா ஊர் எல்ல வரைக்கும் வரும்.

அந்த ஹாரன் உருண்டைய எடுத்துக்க. வண்டியில வெயில்லயும் மழையிலயும் ஏழெட்டு வருசம் இருந்துச்சு, ஒரு கீறல் இல்ல. இங்க கட்டல்ல, நெழல்ல, பொன்னாட்ட வெச்சிருக்கறேன், மிஷின் வந்த மாசத்துலயே வெடிச்சுப் போச்சு. சைக்கிள் கடக் காளியண்ணங்கிட்டப் போயிப் புதுசு வாங்கியாந்தேன். அதுவும் போச்சு. போனேன் பாரு கடைக்கு, நடு ரோட்டுல வெச்சு உட்டேன் டோஸு. உன்ற கண்ணு அவிஞ்சு போயிருமுடா, சீக்காளி வெச்சிருக்கற ஹாரனுக்கு டூப்ளிகேட் ரப்பரக் குடுக்கறியேன்னு. அவன், "நான் இருவது வருசமா இதே சரக்குத்தானுங்க்கா விக்கறேன், யாருக்கும் இப்பிடி ஆனதில்ல, நீங்க ஊட்டுல என்னத்த மேல ஊத்தறீங்க?"ங்கறான். நானு ஊத்தறனாம்! பேசிப் பேசிக் கடைசியில இந்த வெள்ளிக்கெழம சும்மாவே ஒண்ணு குடுத்தான். குடுக்காம உடுவனா நானு? அதத்தான் மாட்டியிருக்கறேன். இது ஒரிஜினலுக்கான்னு நெஞ்சத் தொட்டுச் சொன்னான்.

இரு, அந்தக் குக்கர எறக்கிட்டு வந்தர்றேன். உனக்கும் ஒரு வாய் காப்பி வெக்கறேன்.

…அட, இதென்ன! அடுப்புல குக்கரே வெக்கல அம்மிணி. அரிசியே இன்னும் களையல. வயசாவுதல்ல. பக்கத்தூட்டுச் செல்லாத்தா குக்கரா இருக்கும். லைன் வீடு பாரு, செவுரு ஒண்ணுதான். அவ ஊட்டுல வெங்காயம் உரிச்சா எனக்குக் கண்ணுல தண்ணி வரும்.

இந்தா, காப்பி குடி. இருமறயே, மெதுவாக் குடி.

எம்புள்ளையப் பத்திச் சார் சொன்னாரா? சொல்லியிருப்பாரு. இந்த மிஷினால எனக்கும் அவளுக்கும் ஒரே ஓரியாட்டம், சண்ட. மேனகா. கோயமுத்தூர்ல ஒரு பெரிய லாட்ஜுல வேல. ரூம் சுத்தம் பண்ற ஆளுங்களுக்கெல்லாம் இவதான் சூப்பர்வைசர். ஒரு ஞாயித்துக்கெழம வந்தா. உள்ள நொழஞ்சதுமே மூக்கப் பொத்திட்டு, "அம்மா, இது எங்க லாட்ஜுல இருக்கற மிஷினும்மா"ங்கறா. அப்பிடியா கண்ணு, பெரிய பெரிய ஆளுங்க தங்கற எடத்துலயே வெச்சிருக்கறாங்களான்னேன். எனக்குச் சந்தோசம். "அதில்லம்மா. ஒருத்தன் சிகரெட்டு ஊதி ரூமே நாறிப் போச்சுன்னா, ஆளையெல்லாம் வெளியேத்திட்டுப் பூட்டி வெச்சு இதப் போடுவோம். ஒரு ஜீவன் உள்ள இருக்கக் கூடாது. அப்பறம் ஜன்னலெல்லாம் தொறந்து ரொம்ப நேரம் கழிச்சுத்தான் நாங்களே உள்ள போவோம்"ங்கறா.

நானென்ன சொன்னேன் தெரியுமா? அதத்தானடி நானும் பண்றேன், உங்கப்பன் நெஞ்சுல முப்பது வருசப் பீடி நாத்தம் இருக்குதல்ல, அது போவ வேண்டாமான்னு கேட்டேன்.  

அப்பறம் என்ன பண்ணுனா, எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம நேரா உள்ள போயி பிளக்கப் புடுங்கிட்டா. டேப்பயெல்லாம் கிழிச்சு ஜன்னல ஆன்னு தொறந்து உட்டுட்டா. அப்பனத் தூக்கிச் சாச்சு ஜன்னலோரம் உக்கார வெச்சா. அவரும் பொண்ணு வந்த சந்தோசத்துல கொஞ்சம் நல்லாத்தான் இருந்தாரு. ரெண்டு இட்டிலி கூடத் தின்னாரு. ஹாரன எடுத்துச் சும்மாவே பாம் பாம்னு அமுக்கிக் காட்டுனாரு, அவ சிரிச்சா. ஒரு நாளு மிஷின் போடாததுக்கே இவ்வளவு நல்லா இருக்கறாரே, அப்ப இத்தன நாளு போட்டது எத்தன வேல செஞ்சிருக்குதுன்னு நானு மனசுக்குள்ள நெனச்சுக்கிட்டேன்.

அப்பனக் கூட்டிட்டுப் போறேன்னு ஒத்தக் கால்ல நின்னா. போடீன்னுட்டேன். எம்புருசன எனக்குப் பாத்துக்கத் தெரியும். உனக்கு இந்த ஊட்டுல வேலையில்ல, நான் கூப்பிடறப்ப வந்தாப் போதும்னுட்டேன். அழுதுட்டே போனா. வாசப்படியில நின்னு, "அப்பாவுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா உம்மொகத்துலயே முழிக்க மாட்டேன்"னு சொல்லிட்டுப் போனா. பெத்த தாய்கிட்டப் பேசற பேச்சா இது? பத்து மாசஞ் சொமந்தவ அம்மிணி நானு. தெனமும் போன் பண்ணுவா, நான் எடுக்கறதில்ல.

அவ பஸ் ஏறுனதும் மறுக்கா டேப்பு வாங்கியாந்து ஒட்டுனேன். அன்னைக்கிருந்து அவரு ஜன்னலையே கைகாட்டிட்டு இருந்தாரு. நாளெல்லாம் ஜன்னல், ஜன்னல். எனக்கு மொதல்ல புரியல. அப்பறந்தான் தெரிஞ்சுது, வெளிச்சம் கண்ணக் கூசுதாட்ட இருக்குதுன்னு. பெட்ஷீட்ட நாலா மடிச்சு மேல கட்டி உட்டேன். அதுக்கப்பறம் கைகாட்டறத உட்டுட்டாரு. கண்ணுல தண்ணி ஊத்துச்சு. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு, இத்தனூண்டு வேலைக்கு இவ்வளவு நன்றியான்னு.

ஒண்ணு சொல்லட்டுமா? யாருகிட்டயும் சொன்னதில்ல. அவரு செத்துப் போயிருவாரோன்னு எனக்குப் பயம். இன்னைக்கு நேத்து இல்ல, அந்தச் சின்ன டாக்டரு குணமாவாதுன்னு சொன்ன அன்னைக்கிருந்து. சோறு எறங்காது, தூக்கம் வராது. திருமூர்த்தி சார் ஒருத்தர்தான், "தைக்குள்ள வண்டி ஓட்டுவாருங்கம்மா"ன்னு சொன்னாரு. அந்த ஒரு வார்த்தையிலதான் எம்பொழப்பு ஓடுது. வண்டியத் தொடச்சு வெச்சிருக்கறேன், வாசல்ல பாத்திருப்பயே. டயர் ரெண்டும் மட்டும் மாத்தோணும், வெடிச்சிருச்சு.

மறுக்காவும் புஸ்ஸுங்குது, கேட்டயா? செல்லாத்தா இன்னைக்கு என்ன, கலியாணத்துக்கா சமைக்கறா?

சரி, இப்பச் சத்தமில்ல. எறக்கிட்டாளாட்ட இருக்குது.

என்ன அம்மிணி, எந்திரிச்சுட்ட? பாக்கோணுமா? தூங்கறவர எழுப்பக் கூடாதுன்னு பாத்தேன். சரி, வந்தது வந்துட்ட, ஒரு எட்டுப் பாத்துட்டுப் போ. உங்கப்பாகிட்டச் சொல்றதுக்கு ஆவும். சட்டுனு உள்ள வந்துரோணும், கதவத் தொறந்து வெச்சுட்டு நிக்கக் கூடாது.

வா. மெதுவா வா.

பாத்தயா, எப்பிடித் தூங்கறாருன்னு. வாயத் தொறந்துட்டு, கொழந்தையாட்ட. இந்த நீல வெளிச்சத்துல மொகம் எத்தன குளிர்ச்சியா இருக்குது பாரு. ஒதடு, நகமெல்லாம் கூட நீலமாத் தெரியுது. சினிமாவுல சாமிக்கு அடிப்பாங்களே, அந்த மாதிரி.

ஹாரனக் கையில புடிச்சபடிக்கே தூங்கிட்டாரு. இரு அம்மிணி, எடுத்து வெக்கறேன்… அட! என்ன இது? ரப்பரு பொளந்திருக்குது! பாரு அம்மிணி, இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் வாயப் பொளந்துட்டு நிக்குது. வெள்ளிக்கெழம மாட்டுனது! நெஞ்சத் தொட்டுச் சொன்னானே அந்தக் காளியண்ணன்! இன்னைக்கு அவன் கடைய… ஏங்க, கையெடுங்க. விரல உடுங்க. எத்தன அழுத்தமாப் புடிச்சிருக்கறீங்க. ஏங்க.

நீ என்ன பண்ற? ஜன்னலத் தொறக்காத! பெட்ஷீட்ட அவுக்காத அம்மிணி, காத்தெல்லாம் போயிரும்! நீயும் எம்புள்ளையாட்டவே பண்றயே! பிளக்க எதுக்குப் புடுங்கற? போடு அத, போடுங்கறனல்ல!

லைட்டு அணஞ்சு போச்சே.

அம்மிணி. லைட்டு அணஞ்சு போச்சு. ஒதடு இன்னும் நீலமாவே இருக்குதே.

யாருக்குப் போன் பண்ற? ஆம்புலன்சா? எதுக்கு ஆம்புலன்சு? தூங்கறாரும்மா. ஏங்க, எந்திரிங்க. சார் அனுப்புன பொண்ணு வந்திருக்குது பாருங்க. ஒருக்கா அமுக்குங்க, தண்ணி வேணுமா? இந்தா நாம் பக்கத்துலதான் நிக்கறேன், ஒருக்கா அமுக்குங்க. இருங்க, நான் அமுக்கிக் காட்டறேன்.

புஸ்ஸுங்குது.

புஸ்ஸுங்குது அம்மிணி. அப்பக் கேட்டது செல்லாத்தா குக்கரில்லியா?

நானு அங்கதான உக்காந்திருந்தேன். உங்கிட்டப் பேசிட்டே இருந்தேன். ரெண்டுக்கா கேட்டுச்சே. நீயும் கேட்டயல்ல? கேட்டுட்டு உக்காந்திருந்தனே நானு, காப்பி குடிச்சுட்டு. அதுக்கு முன்ன எத்தன தடவ அமுக்குனாரோ.

பாவி, டூப்ளிகேட் ரப்பரக் குடுத்துட்டானே. இது மட்டும் ஒரிஜினலா இருந்திருந்தா எனக்குக் கேட்டிருக்குமல்ல? பாம் பாம்னு லைனுக்கே கேட்டிருக்குமல்ல? கேட்டா நான் எந்த வேலையில இருந்தாலும் ஓடி வந்திருவேன். அவருக்குத் தெரியும் அது. நீ சொல்லு அம்மிணி, நான் ஓடி வந்திருப்பனா, மாட்டனா?